செத்தவர் விடுப்பில் இருக்கிறார்

சொல்மாரி கோகுலன் தன் ஐம்பத்தொரு வருட வாழ்க்கையில் ஒரே ஒரு ஆளைத்தான் கொன்றிருக்கிறார். கொன்ற மறுநாள் காலையிலேயே அந்த ஆளை நேரில் சந்திக்கவும் செய்தார். வெள்ளாங்காடு பேரூராட்சி அலுவலக வாசலில் நின்றுகொண்டு, செத்தவர் வர்க்கியை டீயில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தார்.

“நீங்கதானுங்களா என்னைய அடிச்சது?” என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை. “உக்காருங்க. டீ சொல்றேன்.”

பெயர் மோகன்ராஜ். வயது ஐம்பத்து நாலு. பேரூராட்சியில் குடிதண்ணீர் திறந்துவிடுகிறவர்.

முந்தின நாள் மதுவிலக்கு வார விழா. ஊர்க் கல்யாண மண்டபத்தில் பட்டிமன்றம். ‘குடியினால் பெரிதும் கெடுவது வீடா, நாடா?’ நாடே என்ற அணிக்குக் கோகுலன் தலைவர். “நடுவர் அவர்களே! குடித்துவிட்டு ஓட்டுகிறவன் சாலையில் ஒருவரைக் கொன்றால், சாவது ஓர் உடல் மட்டுமல்ல. இந்த நாட்டின் உற்பத்தி சாகிறது, வருமானம் சாகிறது, ஒரு தலைமுறையின் படிப்பு சாகிறது!” என்று அவர் முழங்கியபோது மண்டபம் கைதட்டலில் அதிர்ந்தது. பொன்னாடை போர்த்தினார்கள். அதே பொன்னாடையோடு விழாக் கமிட்டித் தலைவரின் தோட்டத்துக்கு மதியச் சாப்பாட்டுக்குப் போனார்கள். மதுவிலக்கு வாரம் என்பதால் பாட்டில் கண்ணில் படக் கூடாது என்று எல்லாமே எவர்சில்வர் டம்ளரில் வந்தது. தூரத்தில் இருந்து பார்த்தால் மோர் என்று சத்தியம் செய்யலாம். கோகுலன் ஐந்து டம்ளர் மோர் குடித்தார்.

“டிரைவர் போடட்டுங்களா?” என்று கேட்டார்கள்.

“மேடையிலயே தடுமாறாதவன்யா நான்,” என்றார். அந்த வசனத்துக்கும் நாலு பேர் கைதட்டினார்கள். கைதட்டல்தான் அவருக்கு எப்போதும் ஆறாவது டம்ளர்.

மணி மூன்று நாற்பது. தானாக ஓடும் கார்கள் வந்து பத்து வருடம் ஆகியும் கோகுலன் கையால் ஓட்டும் பழைய காரைத்தான் வைத்திருந்தார். ஓட்டுவது ஆண்மை என்று அதற்கும் ஒரு மேடைப் பேச்சு இருந்தது. ஆனால் எந்த வண்டியானாலும் உள்ளே, குறுக்கே ஆள் வந்தால் தானாகப் பிரேக் போடும் நிறுத்திப் பெட்டி ஒன்று இருக்க வேண்டும் என்பது சட்டம். தண்ணீர்த் தொட்டித் திருப்பத்தில் அந்தப் பெட்டி காரைப் பிடித்து நிறுத்தியது. பொன்னாடை பறந்து வந்து முகத்தில் விழுந்தது. அதை விலக்கிப் பார்த்தபோது, காருக்கு முன்னால் இரண்டு முழ தூரத்தில் ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ரோட்டைக் கடந்து போய்க்கொண்டிருந்தார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அந்த சைக்கிள்காரர்தான் இப்போது டீ வாங்கிக் கொடுத்தார்.

நிகழா விபத்துப் பிரிவு என்ற பலகை மாட்டிய அறையில் ரித்திகா என்ற அதிகாரி உட்கார்ந்திருந்தாள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். கோகுலன் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளத் தொண்டையைச் செருமினார். “தெரியுங்க சார். எங்கப்பா உங்க ரசிகர்,” என்று அவள் முடித்துவிட்டாள். அந்த ‘எங்கப்பா’ கோகுலனுக்கு ரசிக்கவில்லை.

“யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லையேம்மா. அதான் வண்டி நின்னுடுச்சே.”

“எல்லாரும் இதையேதாங்க சார் சொல்றாங்க. நிக்கும்ங்கிற தைரியத்துல முன்னவிட ஒரு ரவுண்டு சேத்தி அடிக்கிறாங்க. ஆனா நூறு தடவைக்கு ஏழு தடவை பெட்டி நிறுத்தறதில்ல. மழை, பள்ளம், தேஞ்ச டயர்னு ஏதோ ஒண்ணு. உங்களுக்கு நேத்து நல்ல நாள், அவ்வளவுதான்.”

“குடிச்சிருந்தா வண்டியே கிளம்பாதபடி பண்ணலாமே?”

“பண்ணிப் பாத்தாச்சுங்க. ஊதற குழாயில மாமியார ஊத விட்டாங்க. ஒருத்தர் சைக்கிள் பம்ப வெச்சு ஊதினாரு.”

அவள் ஒரே ஒரு தாளை நீட்டினாள். வண்டியின் வேகம், எடை, அந்த ஆள் நின்ற இடம், ஆம்புலன்ஸ் வந்திருக்கக்கூடிய நேரம் எல்லாவற்றையும் கணக்கிட்டு, கார் நிற்காமல் இருந்தால் அடுத்து என்ன நடந்திருக்கும் என்று கம்ப்யூட்டர் எழுதியிருந்தது. ‘மோகன்ராஜ், 54. தலையில் காயம். நாற்பது நிமிடத்தில் மரணம்.’ கீழே கையெழுத்துப் போட இடம்.

“முன்னெல்லாம் இதை வீடியோவா போட்டுக் காட்டினோம். சினிமா மாதிரி பாத்துட்டுப் போனாங்க. இப்ப சட்டம் மாறிடுச்சு. செத்திருக்க வேண்டியவருக்கு முப்பது நாள் சம்பளத்தோட விடுப்பு, ஊரை விட்டு வெளிய போயிடணும். அவரு செஞ்ச வேலை அத்தனையும் நீங்க செய்யணும். ஒரு ஆள் இல்லாமப் போனா எவ்வளவு பெரிய ஓட்டை விழும்னு தெரியறதுக்கு.”

“அவரு வேற யாராவதா இருந்தா? ஒரு டாக்டரா இருந்தா?”

“அதுக்குத் தனிப் பிரிவு இருக்குங்க. நீங்க தப்பிச்சீங்க.”

தப்பித்ததாகத்தான் கோகுலனும் நினைத்தார். குழாயைத் திருகுகிற வேலை. ஊருக்குள் எல்லாம் மின்சாரத்தில் ஓடும்போது இது மட்டும் ஏன் கையில் என்று மோகன்ராஜிடம் கேட்டார்.

“மோட்டார் வெச்ச வால்வு போட்டாங்கங்க. நம்மூர் உப்புத் தண்ணி ஆறே மாசத்துல அத்தனையையும் தின்னுடுச்சு. என்னையத்தான் தின்ன முடியல,” என்று சொல்லிவிட்டு, தன்னைத் தின்ன இருந்தவரிடமே இதைச் சொல்கிறோமே என்று நினைத்தாரோ என்னவோ, சிரித்தார். நெஞ்சு உயரத்துக்கு இருந்த இரும்புச் சாவியைக் கோகுலன் கையில் கொடுத்தார். தெருத் தெருவாகக் கூட்டிக்கொண்டு போய்க் குழிகளைக் காட்டினார். “கடைவீதிக்கு முப்பத்தெட்டுச் சுத்து. மேல ஒரு சுத்து சுத்துனாலும் பழைய பைப்பு பொளந்துக்கும். செட்டித் தெரு மேடு, அதுக்கு மத்த எல்லாத்தையும் மூடிட்டுத்தான் திறக்கணும். அப்புறம்...”

கோகுலன் தலையை ஆட்டிக்கொண்டே நடந்தார். உள்ளே அடுத்த பட்டிமன்றத்துக்கு வரி ஓடிக்கொண்டிருந்தது. ‘நான் ஒரு மனிதனைக் கொன்றேன், நடுவர் அவர்களே! அவர் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்!’ அதற்கு எவ்வளவு நேரம் கைதட்டுவார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்ததில், மோகன்ராஜ் நடுவில் நின்று விரல் நீட்டி ஏதோ சொன்னது காதில் விழவில்லை.

முதல் நாள் கடைவீதியில் சாவியை இடது பக்கம் சுற்றுவதற்குப் பதில் வலது பக்கம் சுற்றினார். இருபது நிமிடம் மூடியிருந்த வால்வையே மூடிக்கொண்டிருந்தார். உள்ளங்கையில் கொப்புளம் வந்ததே தவிர தண்ணீர் வரவில்லை. குடத்தோடு பெண்கள் கூடிவிட்டார்கள். கூட்டத்தைக் கண்டதும் பழக்க தோஷத்தில் கோகுலனுக்கு வாய் திறந்துகொண்டது. “நீரின்றி அமையாது உலகு என்று வள்ளுவர்...”

“உலகு இருக்கட்டுங்க. எங்க வீதிக்கு எப்ப வரும்?” என்றாள் ஒருத்தி.

இன்னொருத்தி பக்கத்தில் வந்து அவர் கையைப் பிடித்துச் சாவியை எதிர்ப்பக்கம் திருப்பிவிட்டாள். இருபத்தாறு வருடம் தமிழகம் முழுவதும் பேசிய வாய் அதன் பிறகு சுற்றுகளை மட்டும் எண்ணியது.

வால்வு போதாதென்று வீட்டு வேலையும் இருந்தது. செத்திருக்க வேண்டியவர் வீட்டில் என்ன செய்வார் என்று வீட்டுக்காரர்கள் ஒரு படிவத்தில் எழுதித் தர வேண்டும். மோகன்ராஜின் மனைவி கலாமணி பனியன் கம்பெனியில் தையல் வேலை பார்ப்பவர். விறகு, கடை கண்ணி, ரேஷன் என்று எதையும் அவர் எழுதவில்லை. ஒரே வரிதான் எழுதியிருந்தார்: ‘சாயங்காலம் ஆறு மணிக்கு வந்து உட்கார்ந்து அரை மணி நேரம் நான் சொல்றதைக் கேட்கணும். பதில் பேசக் கூடாது.’

கோகுலன் படித்துவிட்டுச் சிரித்தார். இதற்கெல்லாமா ஒரு படிவம்?

முதல் சாயங்காலம் கலாமணி சூப்பர்வைசரைப் பற்றி ஆரம்பித்தார். மூன்றாவது வாக்கியத்தில் கோகுலன் குறுக்கே புகுந்து பொறுமையைப் பற்றி ஒரு குறளும் ஒரு குட்டிக் கதையும் சொன்னார். கலாமணி முடியும்வரை காத்திருந்தார்.

“அண்ணா, எங்க வீட்டுக்காரரு குறளெல்லாம் சொல்ல மாட்டாருங்க. ‘ம்’னு மட்டும்தான் சொல்லுவாரு.”

“மன்னிச்சுக்கங்க அம்மிணி.”

“இப்ப பேசுனதுக்கு அஞ்சு நிமிஷம் கூட உக்காரணுமுங்க,” என்றார்.

அதன் பிறகு கோகுலன் ‘ம்’ சொல்லக் கற்றுக்கொண்டார். அவருடைய ‘ம்’ பிரமாதமாக இருந்தது. ஏற்ற இறக்கம், உருக்கம், வியப்பு எல்லாம் அதில் இருந்தன. கேட்பது மட்டும்தான் இல்லை. கலாமணி பேசப் பேச உள்ளே பட்டிமன்றம் நடந்துகொண்டே இருந்தது. வேலையும் ஒருவழியாகப் பிடிபட்டிருந்தது. இரண்டாவது வாரம் யாரும் திட்டவில்லை. திட்டாததையே பாராட்டாக எடுத்துக்கொண்டு, வெள்ளிக்கிழமை காலை ஐந்து மணிக்கு மீசையைத் தடவிக்கொண்டு கடைவீதியைத் திறந்துவிட்டார். முப்பத்தெட்டுச் சுற்று, துல்லியமாக.

எட்டு மணிக்கு ஒரு நர்ஸ் ஓடி வந்தாள். “எங்க லைனைத் திறக்கவே இல்லீங்களா?”

“எந்த லைன்?”

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு சின்ன டயாலிசிஸ் நிலையம் இருந்தது. ஆறு கட்டில். சொந்தமாக ஆழ்குழாய்க் கிணறு உண்டு. மாதத்தில் இரண்டாவது வெள்ளிக்கிழமை மட்டும் ஃபில்டரைக் கழுவுவார்கள். அன்று அவர்கள் தொட்டி காலியாக இருக்கும். அதனால் நாலு மணிக்கே வந்து அந்த லைனை மட்டும் தனியாகத் திறந்துவிட வேண்டும். இது எந்த உத்தரவிலும் இல்லை. மோகன்ராஜ் தானாகச் செய்துவந்தது. பத்து வருடமாகத் தானாக வந்த தண்ணீர் என்பதால், வரவில்லை என்று அவர்கள் எழுந்து பார்ப்பதற்கே ஏழு மணி தாண்டிவிட்டது.

கோகுலன் சாவியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். குழி எது என்று தெரியாமல் இரண்டு குழிகளைத் திறந்து பார்த்து மூன்றாவதில் கண்டுபிடித்தார். தண்ணீர் வந்தது. ஆனால் அது ஃபில்டரில் ஏறித் தயாராக மூன்று மணி நேரம் ஆகும் என்றாள் நர்ஸ். காலை முறைக்கு வந்திருந்த ஆறு பேரில் ஐந்து பேரை மதியம் வரச் சொன்னார்கள். ஆறாவது ஆளுக்கு மூச்சு இரைத்தது. செல்வராஜ் என்று பெயர், ஓய்வுபெற்ற கண்டக்டர். ஆம்புலன்ஸ் அவரை முப்பது கிலோமீட்டர் தள்ளி ஈரோட்டுக்கு ஏற்றிக்கொண்டு போயிற்று. காலை வேலையை முடித்துச் சாவியை அலுவலகத்தில் வைத்துவிட்டுக் கோகுலன் பஸ் பிடித்தார். லைசென்ஸைத்தான் பிடுங்கிவிட்டார்களே.

ஆஸ்பத்திரி நடைபாதையில் நாலு மணி நேரம் நின்றார். செல்வராஜின் மகள் அன்று கம்பெனிக்கு லீவு போட்டிருந்தாள். மருமகன் சரக்கு ஏற்றப் போகாமல் ஆட்டோவை வெளியே நிறுத்தியிருந்தான். யாரும் கோகுலனை யார் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்வது என்று அவருக்கும் தெரியவில்லை. நாட்டின் உற்பத்தி சாகிறது என்று மேடையில் சொன்ன போதெல்லாம் அவர் மனக்கண்ணில் ஒரு பெரிய தொழிற்சாலைதான் தெரியும், அதன் புகைபோக்கியோடு. அங்கே நடைபாதையில் இருந்தது ஒரு லீவு விண்ணப்பமும் ஓடாத ஆட்டோவும்.

மூன்று மணிக்கு மேல் செல்வராஜ் கண் விழித்தார். உள்ளே வந்த கோகுலனை உற்றுப் பார்த்தார்.

“சொல்மாரிங்களா நீங்க? போன மாசம் உங்க பேச்சை போன்ல கேட்டனுங்க. குடியினால கெடறது நாடுன்னு. என்னா பேச்சு!” மூச்சு வாங்கியது. “எனக்குக் குடி இல்லீங்க. சக்கரையில போன கிட்னி. எங்கியோ யாரோ தண்ணிய மறந்துட்டானாம், அதுல இன்னிக்கு அலைச்சல். எந்தப் பேமானியோ.”

“அந்தப் பேமானி நான்தானுங்க,” என்றார் கோகுலன்.

செல்வராஜ் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார். பிறகு, “அப்ப நல்லா பேசுனீங்க,” என்று மட்டும் சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

அன்று ஆறு மணிக்குக் கலாமணி வீட்டு வாசலில் கோகுலன் செருப்பைக் கழற்றாமல் நின்றார். ஊர் முழுக்க விஷயம் தெரிந்திருந்தது.

“உள்ள வாங்கண்ணா. நேத்தே சொன்னேனுங்களே.”

அவர் திகைத்துப் பார்த்தார்.

“நாளைக்கு ரெண்டாவது வெள்ளி, அவரு இருந்தா மூணரைக்கே எந்திரிச்சு ஆசுபத்திரி லைனுக்குப் போயிருப்பாருன்னு சொன்னேனுங்க. நீங்ககூட ரொம்ப உருக்கமா ‘ம்’ சொன்னீங்க.”

மோகன்ராஜ் அன்று விரல் நீட்டிக் காட்டிய குழி எது என்று கோகுலனுக்கு அப்போதுதான் விளங்கியது. விளக்கம் சொல்ல வாய் திறந்தார். நல்ல விளக்கங்கள் நாலைந்து நாக்கு நுனியிலேயே இருந்தன. ஒன்றையும் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டார்.

“உங்க காகிதத்துல ஒருத்தர் செத்தார்னு போட்டிருக்குதாமுங்க,” என்றார் கலாமணி. “அந்த மிஷினுக்கு ரெண்டாவது வெள்ளிக்கிழமை தெரியாதுங்களே. இன்னிக்கு நீங்க ஓடுனீங்க, லைனைத் தேடித் திறந்தீங்க. அவரு நெசமா போயிருந்தா நாங்க எல்லாம் பொணத்துக்கிட்ட உக்காந்து அழுதுட்டு இருந்திருப்போம். ஆசுபத்திரித் தண்ணிய யாருங்க நெனைப்பா?”

கோகுலன் ‘ம்’ என்றார். இந்த முறை அதில் ஏற்ற இறக்கம் எதுவும் இல்லை. அன்று ஏழரை மணிவரை உட்கார்ந்து கேட்டார். சூப்பர்வைசர் பெயர் பழனிச்சாமி, நூல் அறுந்தால் கூலியில் பிடிக்கிறவன் என்பது அன்றைக்குத்தான் அவருக்குத் தெரியவந்தது. கலாமணி அதைப் பதினோராவது முறையாகச் சொல்லியிருந்தார்.

மிச்ச நாட்களில் ஊரே வியக்கும்படி எதுவும் நடக்கவில்லை. செல்வராஜ் நாலு நாளில் வீடு திரும்பினார். கோகுலனுக்குத் தினமும் நாலு மணிக்கே விழிப்பு வந்தது. சரக்கு வாடை ஞாபகம் வந்தபோதெல்லாம் நடைபாதை ஞாபகமும் கூடவே வந்தது. முப்பத்தொன்றாம் நாள் மோகன்ராஜ் வந்து சேர்ந்தார். ராமேஸ்வரத்தில் தங்கை வீட்டில் இருந்தாராம். அங்கேயும் தெருக் குழாய் சொட்டுவதைப் பார்த்துப் பொறுக்காமல் சரிசெய்து கொடுத்தாராம். கடைவீதியில் அவரைக் கண்டதும் பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். “எங்க போய்த் தொலைஞ்சீங்க ஒரு மாசம்?” என்று ஒருத்தி சண்டைக்கே போய்விட்டாள். கோகுலன் வாங்கிய பொன்னாடைகளை எண்ணினால் ஒரு ஜவுளிக்கடை வைக்கலாம். ஆனால் எங்கே போய்த் தொலைந்தாய் என்று எந்த ஊரும் அவரைக் கேட்டதில்லை.

சாவியைக் கொடுத்துவிட்டு, கணக்கை முடிக்க ரித்திகாவின் அறைக்குப் போனார். கையெழுத்துப் போட்டு எழுந்தார்.

“ரெண்டாவது பக்கம் ஒண்ணு இருக்குங்க சார்,” என்றாள் அவள், கொஞ்சம் தயங்கி. “அவரை அடிச்சதுக்கப்புறம் உங்க கார் தொட்டிச் சுவத்துல மோதியிருக்கும். நீங்களும் இல்லீங்க. பன்னெண்டு நிமிஷத்துல முடிஞ்சிருக்கும்.”

கோகுலன் மறுபடி உட்கார்ந்தார். “நானுமா?”

“உங்க எடத்துக்கு ஆள் அனுப்ப முடியாதுங்க, ஓட்டுனவரும் நீங்களேதானே. அதனால இது கோப்புக்கு மட்டும். ஆனா செத்தவர் வீட்டுல படிவம் வாங்கணும்கிறது விதி. அன்னிக்கே உங்க வீட்டம்மாகிட்டக் குடுத்து வாங்கிட்டோம்.”

சுகன்யா போனில்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லையே! அவள் என்ன எழுதியிருப்பாள்? வேதியியல் ஆசிரியை, நடை கொஞ்சம் வறட்சியாகத்தான் இருக்கும். கோகுலன் மனதுக்குள் அவளுக்காக எழுதியே பார்த்துவிட்டார்: ‘இவர் இல்லாத வீடு ஒலியில்லாத வீடு.’ ரித்திகா தாளைத் திருப்பி நீட்டினாள். ‘இவர் இல்லாவிட்டால் வீட்டில் நின்றுபோகும் வேலைகள்’ என்ற கேள்விக்குக் கீழே பத்து வரிகளுக்கு இடம் விட்டிருந்தார்கள். முதல் வரியில் சுகன்யாவின் அழகான கையெழுத்து: ‘யோசித்துச் சொல்கிறேன்.’

“ஒரு மாசம் ஆச்சுங்க சார்,” என்றாள் ரித்திகா. “இது வராம கோப்பை மூட முடியாது. வீட்டுல கொஞ்சம் ஞாபகப்படுத்தறீங்களா?”

ஒரு மாதம் வெள்ளாங்காட்டிலேயே தங்கியிருந்துவிட்டுப் பஸ்ஸில் வீடு வந்து சேர்ந்தபோது சுகன்யா சாப்பாட்டு மேசையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். கோகுலன் படிவத்தை எதிரே வைத்தார். அவள் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள்.

“குடுத்துட்டாங்களா?”

“ஏன் ஒண்ணும் எழுதல?”

“பொய் எழுத மனசு வரல. உண்மைய எழுதப் பாவமா இருந்துச்சு.” அவள் சிவப்புப் பேனாவை மூடினாள். “செத்துப்போனதா வேற போட்டிருந்தாங்க. செத்தவங்களைப் பத்தி எப்படிங்க அப்படி எழுதறது?”

அவர் கோபப்பட்டிருக்கலாம். இருபத்து மூன்று வருடக் குடும்ப வாழ்க்கையைப் பற்றி அப்போதே ஒரு மணி நேரம் பேசியிருக்கலாம். பேசவில்லை. எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சுகன்யா அவருடைய உள்ளங்கையில் காய்த்திருந்த இடத்தைப் பார்த்தாள். அப்புறம் படிவத்தைப் பார்த்தாள். பிறகு வெறுமனே இருந்த ஒன்பது வரிகளையும் கணக்குப் பார்ப்பதுபோல விரலால் தொட்டுக்கொண்டே போனாள்.

“இதைப் பேனாவுலதான் எழுதணுமா?” என்று கேட்டாள். “பென்சில்ல எழுதலாமா?”

“எதுக்கு?”

“அழிக்கற மாதிரி இருந்துச்சுன்னா இப்பவே ஒண்ணு எழுதிப் பாப்பேன்.”

கோகுலன் எழுந்தார். டிவிக்குக் கீழே உள்ள இழுப்பறையைத் திறந்தார். இல்லை. அலமாரியைத் திறந்தார். மடித்து வைத்த பொன்னாடைகள்தான் இருந்தன. பத்தொன்பது வருடமாக அவர் குடியிருக்கும் வீட்டில் பென்சில் எங்கே இருக்கும் என்று அவருக்குத் தெரியவில்லை. கேட்டுவிடலாமா என்று திரும்பினார். சுகன்யா கன்னத்தில் கை வைத்து, அவசரமே இல்லாமல் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்காமல் அடுத்த கதவைத் திறந்து தேட ஆரம்பித்தார்.